புள்ளிக்கு மருத்துவம்

பிரிட்டனில் 2004இல் குடும்ப மருத்துவர்களின் சேவைத் தரத்தை 146 அளவுகோல்களால் அளந்து, மொத்தம் 1,050 புள்ளிகள் என்று வகுத்து, வாங்கிய புள்ளிக்கேற்பப் பணம் தரத் தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே சராசரி 90 சதவீதத்தைத் தாண்டியது. தரம் அவ்வளவு வேகமாகவா உயரும்? ஏற்கெனவே உயர்ந்துகொண்டிருந்ததுதான், நீரிழிவு, ஆஸ்துமா சிகிச்சையில் வேகம் சற்றே கூடியது, அவ்வளவே. இரத்த அழுத்தத்துக்கு 150 என வரம்பு வைத்ததும், பதிவுகளில் 148, 149 என்ற எண்கள் விசித்திரமாகப் பெருகின. பழகிய மருத்துவரையே தொடர்ந்து பார்ப்பதும் குறைந்தது. அதற்குத்தான் புள்ளி இல்லையே!

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? ஸ்காட்லாந்து 2016இல் இந்தத் திட்டத்தையே கைவிட்டது. இங்கிலாந்தில் 2014இல் சில அளவுகோல்களை நீக்கியதும், அவை தொடர்பான பதிவுகள் சட்டென்று சரிந்தன. சரிந்தது சிகிச்சையா, எழுதிவைக்கும் பழக்கமா என்பதைப் பதிவேட்டை மட்டும் புரட்டிச் சொல்லிவிட முடியாது; நோயாளியிடமும் கேட்க வேண்டும். என் பார்வையில், அளவு இருக்கட்டும்; அதோடு கட்டிய பணமுடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும். பணம் இல்லாவிட்டால் யார் அக்கறை காட்டுவார்கள் என்று கேட்பவர்கள், 2004க்கு முன்பே ஒரு புள்ளியும் இல்லாமல் தரம் ஏறிக்கொண்டிருந்ததை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.