எலும்புக்குள் காற்று

பறவை எப்படிப் பறக்கிறது என்று கேட்டால், "எலும்பு உள்ளே பொள்ளல், அதனால் எடை குறைவு" என்று சட்டென்று பதில் வரும். பள்ளிப் பாடம். பாதி சரி. மீதியைப் பார்க்க இரண்டு பறவைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, செம்பருத்திப் பூவில் தொற்றி நிற்கும் தேன்சிட்டு; எட்டு, பத்து கிராம்தான் இருக்கும். இன்னொன்று டஃப்டட் வாத்து. பின்தலையில் குடுமி, முக்கால் கிலோ எடை, வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வரும். முங்கிப்போய் நீரடியில் நத்தையும் சிப்பியும் தின்னும்.

முதலில் சிட்டு. அதன் இனமான பாட்டுப் பறவைகளுக்குக் குஞ்சில் மண்டையோடு ஒற்றை அடுக்கு. வளர வளர இரண்டு அடுக்காகி, நடுவே காற்று புகுந்துவிடும். பறவைக்கு வளையம் மாட்டுகிறவர்கள் தலை இறகை ஈரமாக்கி விலக்கி, தோல் வழியே இதைப் பார்த்தே வயதைக் கணிப்பார்கள்.

இத்தனை காற்று இருந்தும், பறவையின் எலும்புக்கூடு அதே எடையுள்ள பாலூட்டியினுடையதைவிடப் பெரிதாக எடை குறைந்ததில்லை! இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். பாட்டுப் பறவை, எலி வகை, வௌவால் மூன்றின் எலும்பையும் அளந்த எலிசபெத் டுமான்ட், பறவை எலும்பே அதிக அடர்த்தி என்று 2010இல் எழுதினார். சுவர் மெல்லியது, ஆனால் கெட்டி. பொள்ளலால் கிடைக்கும் பெரிய லாபம் வளையாத உறுதி. அதே அளவு எலும்பை அகலமான குழாயாக்கினால், கம்பியாக்கியதைவிட வளைப்பது கடினம்.

வாத்துக்கு வருவோம். முங்குவதல்ல, கீழேயே இருப்பதுதான் அதற்குப் பாடு. காலிக் குடத்தைக் கவிழ்த்துக் கிணற்றில் அழுத்திப் பார்த்தவருக்கு இது புரியும். முங்கும் பறவைகளில் எலும்புக் காற்று குறைந்திருப்பதில் வியப்பில்லை. பெங்குவினுக்குக் கழுத்துக்குக் கீழே அறவே கிடையாது. ஆனாலும் வாத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் இறகுக்கிடையிலும், மூச்சுக்காக உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளிலும் உள்ள காற்று. அதனால் முங்குமுன் இறகை உடம்போடு ஒட்ட அழுத்தி, கொஞ்சம் காற்றை வெளியேற்றும். பிறகு சிறகை மடக்கியபடி காலால் உதைத்துக்கொண்டே இருக்கும். உதைப்பது நின்றால் மேலே வந்துவிடும்.

உதைக்க வசதியாகக் கால் பின்னுக்குப் போய்விட்டது. தரையில் நடை தள்ளாட்டம்தான். உடம்புக்குச் சிறகும் சிறிது. குளிர்காலத்தில் ஏரிக்கரையில் நின்றால் நாமே பார்க்கலாம்: ஊசிவால் வாத்து இருந்த இடத்திலிருந்தே ஜிவ்வென்று எழும்பும், முங்கும் வாத்து நீரை மிதித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும்.