கொள்ளிடக் கரைக்கு வந்த ஐரோப்பா!

பிளஸ் டூ சரித்திரப் பரீட்சைக்கு ஒரு சுலப வழி

நெப்போலியன் தோற்றது எங்கே? வாட்டர்லூவில்! எப்போது? 1815-ல்!

பாஸ்டில் சிறை விழுந்தது எப்போது? 1789 ஜூலை 14-ல்!

பரீட்சை நெருங்கிவிட்டால் சரித்திரப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் இப்படித்தான் நெட்டுருப் போடுகிறார்கள். சென்னையிலும் அப்படித்தான். அரியலூர் மாவட்டம் தா.பழூரிலும் அப்படித்தான்.

அதைக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வரலாம். பாரிஸ் எங்கே, பழூர் எங்கே? வயலில் பாடுபடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சீமை ராஜா ராணி கதை எதற்கு?

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. தா.பழூருக்குத் தெற்கே ஓடுகிறதே கொள்ளிடம், அந்த ஆற்றங்கரையிலேயே விடை இருக்கிறது!

மனப்பாடம் மட்டும் போதுமா?

பிளஸ் டூ சரித்திரப் புத்தகத்தின் முற்பகுதி இந்திய சுதந்திரப் போராட்டம். பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குப் பெரிய பங்கு. மறுமலர்ச்சி, மதச் சீர்திருத்தம், பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, இத்தாலியும் ஜெர்மனியும் ஒன்றான கதை, உலக யுத்தம் எல்லாம் அதில் உண்டு.

எழுத்துப் பரீட்சைக்கு 90 மார்க். அதில் ஒரு மார்க் கேள்விகள் 20. மற்ற 70 மார்க்கும் இரண்டு, மூன்று, ஐந்து மார்க் கேள்விகளுக்கு. அவற்றில் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டும்.

ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் கைகொடுக்கும். ஐந்து மார்க் கேள்வி அப்படியல்ல. "ஏன் நடந்தது? அதனால் என்ன விளைந்தது?" என்று கேட்கும். ஆண்டு மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே விழிக்கும். கதை தெரிந்த பிள்ளை கடகடவென்று எழுதும்.

கதையை மனதில் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்ததையும் நம் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். அப்படிச் சில முடிச்சுகள் இதோ:

மகளுக்கு ராஜ்யம் உண்டா?

1740-ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். வயது 23.

"பெண்ணுக்கு ஏது ராஜ்யம்?" என்று கிளம்பினார்கள் மற்ற அரசர்கள். பிரஷ்யா மன்னர் பிரெடரிக், சைலீஷியா என்ற வளமான பகுதியைப் பிடுங்கிக்கொண்டார். பிரான்ஸ் அவர் பக்கம் சேர்ந்தது. இங்கிலாந்து மரியா தெரசாவின் பக்கம் நின்றது. சொத்துத் தகராறு எட்டு ஆண்டு யுத்தமாயிற்று!

அங்கே மோதிக்கொண்ட இரண்டு தேசத்தாருக்கும் இங்கே வியாபாரம் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி. ஆங்கிலேயருக்குச் சென்னை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் அய்-லா-சபேல் என்ற ஊரில் சமாதானம் பேசினார்கள். சென்னை மீண்டும் ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக, வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்கு. சென்னையில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அங்கே சண்டை ஓய்ந்தது. இங்கே படைகள் ஓயவில்லை. மறு ஆண்டே, 1749-ல், தஞ்சாவூரில் பட்டத்துக்குத் தகராறு. பதவி இழந்த ஷாஜி, ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். "தேவிக்கோட்டையைத் தந்தால் வருகிறோம்" என்றார்கள் அவர்கள்.

தேவிக்கோட்டை எங்கே இருக்கிறது? கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில்! மேஜர் லாரன்ஸ் தலைமையில் வந்த படை அதைப் பிடித்தது. அந்தப் படையில் 23 வயது லெப்டினன்ட் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ்!

கோட்டை கைக்கு வந்ததும் ஷாஜியைக் கைவிட்டார்கள். அவருடைய எதிரியான மன்னர் பிரதாப சிங்கிடமே சமாதானம் செய்துகொண்டார்கள். ஆஸ்திரியா அரண்மனையில் மூண்ட நெருப்பின் அனல், ஒன்பதே ஆண்டில் கொள்ளிடத்தின் முகத்துவாரம் வரை வீசிவிட்டது.

இத்தாலி என்று ஒரு நாடு இல்லை!

தா.பழூருக்கு மேற்கே, கொள்ளிடத்துக்கு வடபுறம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்குள்ள அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். தமிழுக்குச் சதுரகராதியும் தேம்பாவணியும் தந்த பெரியவர்.

அவரை இத்தாலியர் என்கிறோம். ஆனால் அவர் பிறந்த 1680-ல் இத்தாலி ஒரே நாடாக இல்லை! சின்னச் சின்ன அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. இங்கே அரியலூர்ப் பாளையம், உடையார்பாளையம் என்று தனித்தனியாக இருந்தது போலத்தான். மாஜினி எழுதினார். கவூர் தந்திரம் செய்தார். கரிபால்டி வாள் எடுத்தார். 1861-ல் இத்தாலி ராஜ்யம் பிறந்தது. 1870-ல் ரோம் நகரமும் சேர்ந்தது.

இன்னொரு முடிச்சும் இதிலேயே இருக்கிறது. 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் போப்பாண்டவரின் சபையை எதிர்த்துக் கேள்வி கேட்டார். கிறிஸ்தவம் இரண்டுபட்டது. கத்தோலிக்கர்கள் தங்கள் சபையைப் பலப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் தோன்றியது இயேசு சபை. வீரமாமுனிவர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்.

லூத்தர் வழியைச் சேர்ந்த சீகன்பால்கு, 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். இரு தரப்புக்கும் இங்கேயும் வாதம் நடந்தது. எந்த மொழியில்? தமிழில்! வீரமாமுனிவரின் "பேதகமறுத்தல்" அந்த வாதத்தில் எழுந்த நூல்.

கைமாறிய துறைமுகங்கள்

கொள்ளிடத்துக்குத் தெற்கே கடற்கரையைப் பாருங்கள்.

நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஏன்? அமெரிக்க சுதந்திர யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தை எதிர்த்த அமெரிக்கர்களோடு டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள். இங்கிலாந்துக்குக் கோபம் வந்தது. அடி நாகையில் விழுந்தது!

தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நெப்போலியன் யுத்தத்தில் டென்மார்க் அவன் பக்கம் சாய்ந்தது. உடனே 1808-ல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டார்கள். வாட்டர்லூ நடந்த 1815-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு 1845-ல் விலைக்கே வாங்கிவிட்டார்கள்.

ரொட்டியும் தறியும்

1788-ல் மைசூர் திப்பு சுல்தானின் தூதர்கள் பிரான்சுக்குப் போனார்கள். பதினாறாம் லூயி மன்னர் அவர்களை வரவேற்றார். ஆனால் அவர்கள் கேட்ட படை கிடைக்கவில்லை. கஜானா காலி!

அதே ஆண்டு அங்கே விளைச்சல் கெட்டது. ரொட்டி விலை ஏறியது. பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் வரிச்சலுகை. ஏழைக் குடியானவனுக்கு வரிமேல் வரி. மறு ஆண்டு புரட்சி வெடித்தது. நெல்லும் விலைவாசியும் தெரிந்த வீட்டுக்கு இந்தக் காரணத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தொழிற்புரட்சியும் அப்படியே. இங்கிலாந்தில் நீராவி யந்திரம் ஓடியது. மான்செஸ்டர் ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தது. இந்திய நெசவாளி நொடித்துப்போனான். ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இன்றும் தறி ஓடுகிறது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் மறக்குமா?

வைக்கோல் போரும் தீக்குச்சியும்

முதல் உலக யுத்தத்துக்குக் காரணம் என்ன? "ஆஸ்திரிய இளவரசர் கொலை" என்று மட்டும் எழுதினால் முழு மார்க் கிடைக்காது. 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் நடந்த அந்தக் கொலை வெறும் தீக்குச்சிதான். அதற்கு முன்பே வைக்கோல் போர் போட்டாயிற்று! ரகசிய ஒப்பந்தங்கள், குடியேற்ற நாடுகளுக்கு அடிபிடி, ஆயுதப் போட்டி எல்லாம் சேர்ந்ததே அந்தப் போர்.

நெருப்பு சென்னைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. "எம்டன்" என்ற சொல் தமிழிலேயே தங்கிவிட்டது. அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

எந்தக் கேள்விக்கும் இந்த முறை பொருந்தும். முதலில் வைக்கோல், அதாவது நெடுநாள் காரணம். பிறகு தீக்குச்சி, அதாவது உடனடிக் காரணம். கடைசியில் சாம்பல், அதாவது விளைவு. இந்த வரிசையில் எழுதினால் விடை தடுமாறாது.

பெற்றோர் செய்யக்கூடியது

பள்ளிக்கூடம் போகாத தாய் தந்தையரும் இந்தப் பாடத்துக்குத் துணை செய்யலாம். புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம். இரவில் சாப்பிட்டபின் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் பாடம் பதிந்துவிட்டது. பிள்ளை திணறினால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

ஐரோப்பா இங்கே வந்த கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. 1962-ல் அது சட்டப்படி உறுதியாயிற்று. அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறக்கட்டும்!