காதை இழந்த மல்லன் எழுதிய கதை

கோதாவில் இரண்டு மல்லர்கள் மோதுகிறார்கள். ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடிக்கிறார். பார்த்துக் கொண்டிருக்கும் பாட்டி, "ஐயோ, செத்தான்!" என்று கண்களை மூடிக் கொள்கிறார். பேரனோ, "அதெல்லாம் சும்மா பாட்டி! முன்னாடியே பேசி வச்சுக்கிட்டது" என்று சிரிக்கிறான். கிங்காங், தாராசிங் காலத்திலிருந்தே நம் வீடுகளில் தீராத வழக்கு இது. நிஜமா, நாடகமா?

இந்த வழக்கில் சாட்சி சொல்ல ஒரு மல்லரே கூண்டில் ஏறினார். அவர் பெயர் மிக் ஃபோலி. அமெரிக்கர். கேக்டஸ் ஜாக், மேன்கைண்ட் என்ற பட்டப் பெயர்களில் கோதா ஏறியவர். முகத்தில் தோல் முகமூடி, அவிழ்ந்த தலைமுடி, பருத்த வயிறு. பார்த்தால் மல்லர் என்றே சொல்ல மாட்டீர்கள். 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. "ஹேவ் எ நைஸ் டே" என்று பெயர். அடியும் உதையும் நிறைந்த புத்தகத்துக்கு "இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று தலைப்பு வைத்த குறும்பைப் பாருங்கள்!

புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இலக்கியக்காரர்களுக்கு ஆச்சரியம். மல்யுத்த ரசிகர்களுக்கோ அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறொன்று: அதை எழுதியவர் அவரேதான்!

பிரபலங்களின் வாழ்க்கை வரலாறு எப்படித் தயாராகிறது என்பது ஊரறிந்த ரகசியம். பிரமுகர் பேசுவார், பெயர் போடாத ஓர் எழுத்தாளர் எழுதிக் கொடுப்பார். ஃபோலிக்கும் முதலில் அப்படி ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு தாமே உட்கார்ந்துவிட்டார். தட்டச்சு இல்லை, கணினி இல்லை. கையெழுத்தில் மட்டும் எழுநூற்றுச் சொச்சம் பக்கங்கள்! சில மாதங்களில், 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருடைய சக மல்லரான ராக் என்பவரின் புத்தகமும் வந்தது. அதுவும் நன்றாக விற்றது. ஆனால் அதில் வேறோர் எழுத்தாளரின் கை இருந்தது. இரண்டையும் படித்த ரசிகர்கள் பலர், "ராக் புத்தகத்தில் கேட்பது கோதாவில் பேசுகிற அதே வசனம். ஃபோலி புத்தகத்தில் மனிதர் பேசுகிறார்" என்ற கட்சியில்தான் நின்றார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அப்படி என்ன எழுதியிருக்கிறார்?

1983-இல் கல்லூரி மாணவனாக இருந்தபோது, வழியில் போகும் கார்களை நிறுத்தி ஏறி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குப் போனார். அங்கே ஜிம்மி ஸ்நூக்கா என்ற மல்லர் கூண்டின் உச்சியிலிருந்து பாய்ந்ததைக் கண்டார். அன்றே தம் தொழிலை முடிவு செய்துவிட்டார். வார இறுதி வந்தால் நியூயார்க் மாநிலத்திலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பல நூறு மைல் கார் ஓட்டிப் போவார். டொமினிக் டினூச்சி என்ற பழைய மல்லரிடம் விழப் பழகுவார். இரவு காரிலேயே படுத்துக் கொள்வார். ஆம், முதல் பாடம் அடிப்பது அல்ல, விழுவதுதான்!

அடுத்து வருவது காது. 1994 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேடர் என்பவருடன் போட்டி. (நம் ஊர் வேடர் அல்ல, அது அந்த மல்லரின் பட்டப் பெயர்.) கோதாவின் கயிறுகளுக்கு இடையே தலை சிக்கிக் கொண்டு தவிப்பது ஃபோலி வழக்கமாகச் செய்து காட்டும் வித்தை. அன்று கயிறுகள் அளவுக்கு மீறி இறுகிக் கிடந்தன. கழுத்து நெரிபட்டது. தலையை உருவி எடுத்தபோது காது கிழிந்தது. போட்டி நிற்கவில்லை. இன்னும் சில அடிகளில் வலது காதின் பெரும் பகுதி துண்டாகக் கீழே விழுந்தது. நடுவர் அதைப் பொறுக்கி எடுத்தார். இதை ஃபோலி அழுது எழுதவில்லை. படிக்கிறவர் சிரித்துவிட்டு, "அட, இதற்கா சிரித்தோம்?" என்று கூசும்படி எழுதியிருக்கிறார்.

1998 ஜூன் 28-ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் நடந்ததைச் சொல்லாத ரசிகர் கிடையாது. அண்டர்டேக்கர் அவரைப் பதினாறு அடிக் கூண்டின் மேலிருந்து கீழே மேசை மீது எறிந்தார். அது இருவரும் பேசி வைத்துக் கொண்டது. மனிதர் எழுந்து மறுபடியும் மேலே ஏறினார். இரண்டாவது முறை கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தாரே, அது யாரும் பேசி வைத்ததல்ல. கூடவே விழுந்த இரும்பு நாற்காலி முகத்தில் மோதிப் பல் உடைந்தது. அதன் பிறகும், அறிவிப்புப் பலகையில் குத்துகிற சிறு ஆணிகளைக் கொட்டி அதன் மேல் விழுந்தார். உள்ளே போனதும் ஆணியைப் பயன்படுத்தினோமா என்று அவரே கேட்டாராம். அண்டர்டேக்கர் அவர் கையைப் பார்க்கச் சொன்னார். கை நிறைய ஆணி!

பாட்டியும் பேரனும் இருவருமே வழக்கில் ஜெயித்துவிட்டார்கள் பாருங்கள். யார் வெல்வது என்பது பேசி வைத்தது. வலி பேசி வைத்ததல்ல. ரசிகர்கள் இந்தப் புத்தகத்தைக் கொண்டாடியது இதற்காகத்தான். தொழில் ரகசியத்தை உடைத்ததால் அவர்களுக்கு மல்யுத்தத்தின் மேல் வெறுப்பு வரவில்லை, மரியாதை கூடியது.

குறை சொன்னவர்களும் உண்டு. சிறிய ஊர்களில் சொற்பக் கூலிக்குச் சண்டையிட்ட அத்தியாயங்கள் நீளம் என்றார்கள் சிலர். எனக்கோ அவைதான் உயிர் என்று தோன்றுகிறது. அமெரிக்க மல்லர்கள் சட்டப்படி நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். கோதா ஏறினால்தான் காசு. மழை பெய்து மரம் வெட்ட முடியாத நாளில் கூலி போன வீட்டுக்கு இந்த அத்தியாயங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சச்சரவு ரிக் ஃபிளேர் பற்றியது. பல முறை உலகப் பட்டம் பெற்ற பெரிய மல்லர் அவர். "கோதாவில் எவ்வளவு சிறந்தவரோ, நிர்வாகத்தில் அவ்வளவு மோசம்" என்ற பொருளில் ஃபோலி எழுதிவிட்டார். ஃபிளேர் 2004-இல் தம் சுயசரிதையில் திருப்பிக் கொடுத்தார்: ஃபோலி மல்லரே அல்லர், சினிமாவில் குதிக்கிற சண்டைக்காரர் மாதிரி என்றார். ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். பிடி போட்டு மடக்குவதுதான் மல்யுத்தம் என்ற பழைய ரசிகர்கள் ஃபிளேர் பக்கம். உயரத்திலிருந்து விழவும் கலை வேண்டும் என்ற இளைஞர்கள் ஃபோலி பக்கம். 2007-இல் பிரெட் ஹார்ட்டின் தன் வரலாறு வந்ததும் மூன்றாவது கட்சியும் சேர்ந்தது. போகிற ஊரிலெல்லாம் ஒலிநாடாவில் நாட்குறிப்பு பேசி வைத்திருந்தவர் அவர். நுணுக்கமும் ஆழமும் அதில்தான் என்பார்கள் அந்தக் கட்சியினர்.

ஆனால் மனைவி மக்களைப் பற்றிய பேச்சு வந்தால் கட்சிகள் கலைந்துவிடும்.

1999 ஜனவரியில் கையில் விலங்கு பூட்டிய நிலையில் ஃபோலியின் தலையில் ராக் இரும்பு நாற்காலியால் அடித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினொரு முறை! முன்வரிசையில் மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும். அப்பா நடிக்கிறார் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நாற்காலி விழ விழப் பிள்ளைகள் அலறினார்கள். தாய் தாங்க முடியாமல் அழைத்துக் கொண்டு வெளியேறினார். "பியாண்ட் தி மேட்" என்ற ஆவணப் படத்தில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. பிறகு அதை ஃபோலிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் போன போக்கும் இருக்கிறது.

புத்தகம் வந்த காலத்தில் அவர் வாங்கிய அடிகளை எண்ணி எண்ணிக் கை தட்டியவர்கள் ரசிகர்கள். 2007-இல் கிறிஸ் பெனுவா என்ற மல்லர் மனைவியையும் மகனையும் கொன்று தம்மையும் மாய்த்துக் கொண்டார். அவர் மூளையைச் சோதித்த மருத்துவர்கள் கடுமையான சேதத்தைக் கண்டார்கள். 2010-இல் ஃபோலி இருந்த நிறுவனமே தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. இப்போது அதே புத்தகத்தை மறுபடி எடுக்கும் ரசிகர்கள் சில பக்கங்களைச் சிரிக்காமல் புரட்டுகிறார்கள்.

ஃபோலி 2000-ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயது ஆவதற்குள், முழுநேர மல்யுத்தத்தை விட்டார். அதன் பிறகும் அவ்வப்போது கோதா ஏறாமல் இல்லை. பேனாவையும் விடவில்லை. சுயசரிதையின் அடுத்த பாகம் 2001-இல் வந்தது. அதுவும் முதலிடம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதிய புத்தகம் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் கதை.