ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காடு படகுகள் ஏன் கரையிலேயே நிற்கின்றன?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் தேதி நெருங்கினால், திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காடு பகுதி மீனவர்களுக்கு ஓர் அறிவிப்பு வரும்: கடலுக்குப் போக வேண்டாம். தோணிரேவு போன்ற ஊர்களில் கடல் தொழிலை நம்பி இருப்பவர்களுக்கு அன்றைய வருமானம் அத்தோடு போச்சு. ராக்கெட் மேலே போகுது, கீழே படகு ஏன் நிக்கணும்?

ஒரு பெரிய வளாகத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவது எப்படி என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது.

ஆபத்து எந்தப் பக்கம்?

1971-இல் செயல்படத் தொடங்கிய சதீஷ் தவண் விண்வெளி மையத்தின் பரப்பு சுமார் 145 சதுர கி.மீ. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். வெளியாட்கள் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் வேலை. இது பாதிதான். உள்ளே இருந்து வெளியே போகும் ஆபத்தும் இருக்கிறது.

எரிந்து முடிந்த ராக்கெட் பாகங்கள் கழன்று கடலில் விழும். அவை விழும் இடத்தை முன்கூட்டியே கணிக்கலாம். ராக்கெட்டே தடம் மாறினால்? 2010 டிசம்பர் 25-இல் ஜிஎஸ்எல்வி-எஃப்06 கிளம்பிய சுமார் ஒரு நிமிடத்தில் கட்டுப்பாட்டை இழந்தது. தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதை வானிலேயே அழித்தார்கள். சிதறல்கள் வங்கக் கடலில் விழுந்தன. அந்த நேரத்தில் கீழே படகு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதே காரணத்துக்காகத்தான் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை போகிறது.

பாதையும் பாதுகாப்புதான்

துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேராகத் தெற்கே பறந்தால் இலங்கை குறுக்கே வரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. இதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சுமக்கும் எடை குறையும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளத்தின் முக்கிய லாபமே, சிறிய ராக்கெட்டுகளை அங்கிருந்து நேராகத் தெற்கே அனுப்பலாம் என்பதுதான். பாதுகாப்பைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. இடம் தேர்வு செய்யும்போதே யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் இதே கணக்கு

பலர் நாலு கேமரா மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேமரா திருடனைப் பதிவு செய்யும், தடுக்காது. திட்டம் போடும்போது கேட்க வேண்டியவை:

• எதைக் காக்கிறோம், எதனிடமிருந்து? திருட்டா, தீயா, வெள்ளமா?

• அடுக்குகள் சரியா? காம்பவுண்ட் சுவர், வெளிச்சம், பூட்டு, கேமரா, அலாரம் எல்லாம் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும்.

• அலாரம் அடித்தால் யார் வருவார்கள்? பெயரும் போன் நம்பரும் இல்லாத அலாரம் வெறும் சத்தம்தான்.

• ஒன்று இன்னொன்றைக் கெடுக்கிறதா? கார்டு காட்டினால் மட்டும் திறக்கும் கதவு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியேறத் தானாகத் திறக்க வேண்டும்.

• கரன்ட் போனால்? கேமராவோடு ரவுட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். கடலோரம் என்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

• பக்கத்து வீட்டுக்கு என்ன தொல்லை? அவர்கள் ஜன்னலைப் பார்க்கும் கேமராவும், ராத்திரி முழுக்கக் கத்தும் அலாரமும் சண்டையில்தான் முடியும்.

கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மழையாலோ தொழில்நுட்பக் கோளாறாலோ ஏவுதல் தள்ளிப்போனால், பழவேற்காட்டு மீனவருக்கு இன்னொரு நாள் கூலியும் போகும். அவருடைய உயிரைக் காக்கத்தான் அந்தத் தடை. ஆனால் அதன் செலவும் அவர் தலையில்தான் விழுகிறது. வேலிக்கு வெளியே இருப்பவரின் நஷ்டத்தையும் கணக்கில் எழுதினால்தான் ஒரு பாதுகாப்புத் திட்டம் முழுமையாகும்.