கூட ஓடறதா, கூட்டிட்டு ஓடறதா?

ஜோடியா ஒரு ஹாஃப் மராத்தானுக்கு எப்படித் தயாராகறதுன்னு இன்னைக்குப் பேசலாம். நானும் என் மனைவியும் ஓடினது பெர்லின் ஹாஃப் மராத்தான். வழக்கமா மார்ச் கடைசியிலயோ ஏப்ரல் தொடக்கத்துலயோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தூரம் 21.0975 கிலோமீட்டர். வசந்தகால ரேஸ்னு பேருதான் அழகா இருக்கு. 12 வாரப் பயிற்சின்னு கணக்குப் போட்டா, ஓட ஆரம்பிக்க வேண்டியது ஜனவரியில. அப்போ பெர்லின்ல சாயங்காலம் நாலு மணி சுமாருக்கே சூரியன் மறைஞ்சிடும். லேப்டாப்பை மூடிட்டுக் கிளம்பினா, நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுத்தான் போகணும். இன்னொருத்தர் கதவுகிட்ட ஷூ மாட்டிட்டு நிக்கிறது எவ்வளவு பெரிய உதவின்னு அந்த மாசம்தான் புரியும்.

ஆனா ஜோடியா ஓடறதுல நிஜமான சிக்கல் வேகம். நிதானமா ஓடினா எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிஷம். அவளுக்கு 7:30. ரேஸுக்குப் பேர் கொடுத்த அன்னைக்கே அவ கேட்டா: "நீ என்கூட ஓடப் போறியா, இல்ல என்னைக் கூட்டிட்டு ஓடப் போறியா?"

நல்ல கேள்வி. கூட்டிட்டு ஓடறவர் எப்பவும் அரை அடி முன்னாடி இருப்பார். திரும்பித் திரும்பிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்தான், வா வா"ன்னு சொல்லிட்டே இருப்பார். பின்னாடி வர்றவங்களுக்கு அது உற்சாகம் இல்ல, பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி.

இதுக்குப் பின்னாடி உடம்போட கணக்கும் இருக்கு. வாரத்துல பெரும்பாலான ஓட்டம் நிதானமா இருக்கணும், அதாவது மூச்சு வாங்காம முழு வாக்கியம் பேச முடியற வேகம். அந்த வேகத்துல தொடர்ந்து ஓடும்போதுதான் தசையில நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடும், மைட்டோகாண்ட்ரியா பெருகும், கொழுப்பை எரிபொருளா பயன்படுத்த உடம்பு பழகும். என்னோட 6 நிமிஷத்துக்கு அவ ஈடுகொடுத்தா, எனக்கு நிதானம், அவளுக்கு தினமும் ரேஸ். நாலே வாரத்துல முழங்கால் வலின்னு உட்கார வேண்டியதுதான். அதனால ஒண்ணா இருக்க வேண்டியது வேகம் இல்ல, சிரமம்.

சரி, வேகம் வேற வேறன்னா ஒண்ணா எப்படி ஓடறது? இங்கதான் எனக்குள்ள இருக்கற எஞ்சினியருக்குப் பிடிச்ச ஒரு தந்திரம். தூரத்தை விட்டுடுங்க, நேரத்தை மட்டும் வெச்சுக்குங்க. லாண்ட்வேர் கால்வாய்க் கரையில ஒரே இடத்துல கிளம்புவோம். 30 நிமிஷம் அவங்கவங்க வேகத்துல. வாட்ச் அடிச்சதும் ரெண்டு பேரும் நின்ன இடத்துலயே திரும்பணும். அப்போ நான் 5 கிலோமீட்டர்ல இருப்பேன், அவ 4-ல. இப்போ வீட்டுக்குத் திரும்பற வழியில முன்னாடி இருக்கறது அவ, 1 கிலோமீட்டர் பின்னாடி நான். அதே வேகத்துல ஓடி வந்தா கிளம்பின இடத்துக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து சேருவோம். ஓட்டத்துல பாதி நேரம் துரத்தப்படறது அவ, துரத்தறது நான். யாராவது லேட்டா வந்தா, போகும்போது அவசரப்பட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஆப்பே வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை நீண்ட ஓட்டம் மட்டும் பக்கத்துல பக்கத்துல, அவ வேகத்துல. இடம் டெம்பல்ஹோஃபர் ஃபெல்ட். 2008-ல மூடின விமான நிலையம், 2010-ல பூங்காவாத் திறந்தாங்க. ரன்வே மேலயே ஓடலாம், சுத்தி வந்தா 6 கிலோமீட்டர் சுமார். எதிர்காத்து அடிச்சா மறைய ஒரு மரம் கிடையாது, அப்போ ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் மாறி மாறி. இருட்டினா கேட்டைப் பூட்டிடுவாங்க, அதனாலதான் வார நாள்ல கால்வாய். 8 கிலோமீட்டர்ல தொடங்கி 18 வரைக்கும் ஏத்தினோம், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைச்சோம், கடைசி ரெண்டு வாரம் ஓய்வு மாதிரி. அது எல்லா பிளான்லயும் இருக்கறதுதான்.

ரேஸுக்கு அவ இலக்கு கிலோமீட்டருக்கு 7 நிமிஷம், அதாவது 2 மணி 27 நிமிஷம் 41 விநாடி. நான் தனியா ஓடினா 2 மணிக்குள்ள முடிக்கலாம். அதை இந்த வருஷம் வேண்டாம்னு வெச்சேன். இது தியாகம்னு தோணினா ஒண்ணா ஓடாதீங்க. 10-வது கிலோமீட்டர்ல அது உங்க முகத்துல தெரிஞ்சிடும். வேகமானவர் பின் வரிசை பிளாக்குக்கு வரணும், மெதுவானவரை முன்னாடி இழுக்கக் கூடாது. தண்ணி மேஜைகிட்ட கைகோத்துக்கிட்டு ஓடாதீங்க, பின்னாடி ஆயிரம் பேர் வர்றாங்க.

முந்தின ராத்திரியே ஒரு விதி போட்டோம்: 18 கிலோமீட்டர் வரைக்கும் ஒண்ணா, அதுக்கு மேல தெம்பு இருக்கறவங்க போகலாம். வலிக்கும்போது முடிவெடுத்தா "நீ போ", "இல்ல பரவால்ல"ன்னு சண்டைதான் மிஞ்சும். 18-வது போர்டைத் தாண்டினதும் அவ எதுவும் சொல்லல. அரை அடி முன்னாடி போனா. அப்புறம் ஒரு அடி. உன்டர் டென் லிண்டன்ல திரும்பி, ப்ராண்டன்பர்க் கேட் தாண்டி ஃபினிஷ் லைன் வரைக்கும் நான் பார்த்தது அவ முதுகைத்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல. 2 மணி 26 நிமிஷம்.

குளிர்ல என்ன ஷூ, என்ன கையுறைன்னு கேட்கறவங்களுக்கு அடுத்த எபிசோட்.