டிரம் தண்ணீரும் டெங்குவும்: தங்கவயல் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் அவற்றைச் சுற்றியிருந்த லைன் வீடுகளுக்கும் குடிநீர் தந்தது பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கும் பேத்தமங்களா ஏரி. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கக் கம்பெனி போய்விட்டது; தண்ணீர்க் கவலை போகவில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத கோலார் மாவட்டத்தில், குழாயில் வருகிற அன்றே பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரும்வரை குடும்பம் நடக்கும். அதனால்தான் வாசலில் நீல டிரம், பின்கட்டில் சிமென்ட் தொட்டி, தரைக்கடியில் சம்ப்.

தண்ணீரைச் சேமிப்பது குற்றமல்ல. ஆனால் மூடாத டிரம் ஒவ்வொன்றும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ அறை. சாக்கடைத் தண்ணீர் இதற்கு வேண்டாம். நாம் குடிக்கிற, குளிக்கிற நல்ல தண்ணீரே போதும். டிரம்மின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாருங்கள். மிளகுப் பொடி ஒட்டியது போலக் கருப்பாகத் தெரிபவை முட்டைகள். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரிக்கும். நம் நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்குபவை புழுக்கள். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

வைரஸ் தனியாக இருக்கும்போது எதையும் செய்ய முடியாது. உண்ணாது, வளராது, தானாகப் பெருகாது. டெங்கு வைரஸிடம் இருப்பது சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழையும் அதைச் சுற்றிய உறையும் மட்டுமே. பெருக வேண்டுமானால் அதற்கு நம் உயிரணு வேண்டும்.

கொசு கடித்ததும் வைரஸ் முதலில் தோலில் காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றுகிறது. அணு அதை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. அந்தப் பையில் அமிலத்தன்மை கூடும்போது வைரஸின் உறை பையின் சுவரோடு இணைந்து, ஆர்.என்.ஏ வெளியே வந்துவிடுகிறது. நம் அணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள், அது யாருடைய ஆணை என்று பிரித்தறியாமல் படித்து வேலையைத் தொடங்குகின்றன. நம் தங்கவயலின் பெமல் (BEML) தொழிற்சாலையில் யாரோ ஒருவன் தன் வரைபடத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போக, தொழிலாளர்கள் கம்பெனி இரும்பையும் கம்பெனி மின்சாரத்தையும் கொண்டே அவன் சாமானைச் செய்து முடிப்பது போன்றது இது.

இப்படி உருவாகும் நீண்ட புரதச் சங்கிலி பத்துப் புரதங்களாக வெட்டப்படுகிறது. மூன்று புதிய வைரஸின் உடலாகின்றன. மற்ற ஏழும் ஆர்.என்.ஏ-வை நகலெடுப்பது, உடலின் எதிர்ப்பை அடக்குவது போன்ற வேலைகளைப் பார்க்கின்றன. வெட்டும் வேலையில்கூட நம் அணுவின் நொதிகளுக்குப் பங்குண்டு. பிறகு நம் அணுவின் வழியாகவே புது வைரஸ்கள் ரத்தத்தில் இறங்குகின்றன.

மாத்திரை ஏன் கேட்பதில்லை?

ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் சுவரையோ அதன் ரைபோசோமையோ தாக்குபவை. டெங்கு வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. எனவே டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வீண் செலவு. நேரடியாக வைரஸை அழிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இன்று இல்லை. ஓய்வு, நீர்ச்சத்து, காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், தொடர் கண்காணிப்பு — சிகிச்சை இவ்வளவுதான். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பப்பாளி இலைச் சாறு மருத்துவமனைக்கு மாற்று ஆகாது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் மற்ற வகைகளிடமிருந்து நீடித்த பாதுகாப்பு கிடைக்காது. மாறாக, பழைய எதிர்ப்புப் புரதங்கள் புதிய வகையோடு அரைகுறையாக ஒட்டி, அது அணுவுக்குள் நுழையவே உதவிவிடலாம். ஏற்கெனவே டெங்கு வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை?

மேலே சொன்ன ஏழு புரதங்களில் என்.எஸ்.1 என்பதை அணுக்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் அதைத்தான் தேடுகிறார்கள். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம் எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்க வேண்டும். நாள் தவறிச் செய்த பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நோய் இருக்கலாம்.

காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- கடுமையான வயிற்றுவலி
- நிற்காத வாந்தி
- ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருத்த மலம்
- மிகுந்த சோர்வு, நிலைகொள்ளாமை
- சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடல்

ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்த உடனே அவற்றை ஏற்ற வேண்டும் என்பதில்லை. ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாக அந்த யோசனை. எதற்காக ஏற்றுகிறார்கள் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் உரிமைகள்

2024-இல் கர்நாடகத்தில் டெங்கு பாதிப்பு ஆகஸ்ட் இறுதிக்குள் 20,000-ஐத் தாண்டியது. அந்த ஜூலையில் மாநில அரசு தனியார் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் கட்டண வரம்பு விதித்தது: என்.எஸ்.1 எலைசா (ELISA) ரத்தப் பரிசோதனை 300 ரூபாய், ஐ.ஜி.எம் எலைசா 300 ரூபாய், கார்டு பரிசோதனை 250 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள். கூடுதல் கட்டணம், சிகிச்சை மறுப்பு போன்ற புகார்களை, தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள மாவட்டக் குறைதீர் அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம். அவசரத்தில் வருபவருக்கு முன்பணம் கேட்காமல் முதலுதவி தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. பி.பி.எல் அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வசதி உண்டு. ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

2024 செப்டம்பரில் டெங்கு மாநிலத்தில் தொற்றுநோயாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி வந்த விதிகளின்படி, கொசு வளர விட்ட வீட்டுக்கு நகரத்தில் 400, கிராமத்தில் 200 ரூபாய் அபராதம். வணிக நிறுவனங்களுக்கும் கட்டுமான இடங்களுக்கும் இது அதிகம். ஆகவே உங்கள் தெருவில் காலி மனையிலோ கட்டுமானத்திலோ தண்ணீர் தேங்கினால் நகரசபையிடமோ கிராம பஞ்சாயத்திடமோ புகார் செய்ய உங்களுக்கு வலுவான பிடி இருக்கிறது.

செய்ய வேண்டியவை

வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. காலி செய்ய முடியாத டிரம்மின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். தொட்டிலில் தூங்கும் குழந்தைக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும்.

வீட்டுக்காரரிடம் 400 ரூபாய் அபராதம் கேட்கும் நிர்வாகம், அவர் ஏன் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். குறித்த நாளில் குறித்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் பாதி டிரம்களுக்கு வேலையே இருக்காது. தண்ணீர் விடும் அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். வார்டு வாரியாகப் புழு ஆய்வு நடக்கிறதா என்று விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தெருவே சேர்ந்து கையெழுத்திட்டு மனு கொடுத்தால் அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.