மரு திரும்பத் திரும்ப வருகிறதா? மாத்திரையை நிறுத்தாதீங்க!

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களின் கையில் மரு, அதாவது பாலுண்ணி, வருவது புதிதல்ல. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறிய தோலில், முள் கீறிய இடம் வழியாக ஹெச்.பி.வி. வைரஸ் சுலபமாக நுழைந்துவிடும். உடம்பில் எதிர்ப்பு சக்தி சரியாக இருந்தால், பல மருக்கள் ஓரிரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும்.

சிலருக்கு அப்படிப் போகாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் இவர்களில் அடங்குவார்கள். ஒன்றைச் சுட்டால் பக்கத்தில் மூன்று முளைக்கும்.

"இந்த மாத்திரையாலதானே வருது, கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம்" என்ற நினைப்புதான் மருவைவிட ஆபத்து. பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் காப்பதே அந்த மாத்திரை. நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடலாம். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதைச் சிறுநீரக டாக்டர்தான் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு எதிர்ப்பு சக்தி ஏறினால், மரு சிகிச்சையும் நன்றாகப் பலிக்கும்.

தோல் டாக்டர் சாலிசிலிக் ஆசிட் தரலாம், திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம், கரண்டில் சுடலாம். ஒரே தடவையில் முடியாது. மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். சிலருக்கு மருவிலேயே எம்.எம்.ஆர். தடுப்பூசி போடுவதுண்டு. அதில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு ஆகாது. அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சீட்டைப் போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

பாதத்தில் வருவதை "கால் ஆணி" என்று பிளேடால் வெட்டுகிறார்கள். உள்ளே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது மருவாக இருக்கலாம். வெட்டினால் பரவும். சுண்ணாம்பு வைத்தால் புண்தான் மிச்சம்.

மரு வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண்ணானாலோ காத்திருக்காதீர்கள். இவர்களுக்கு அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். சதைப் பரிசோதனை தேவைப்படும். எதிர்ப்பு சக்தி குறைந்த பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். எச்.ஐ.வி. பற்றிச் சொல்லத் தயக்கமா? உங்கள் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகம் கேட்க 1097, கட்டணமில்லை.